பல்லுக்கு எதற்கு வெல்டிங்?

எங்கள் பெரும்பாறைப் பக்கம் வேலைக்கு வரும் ஜேசிபி எதையாவது நிறுத்தி பக்கெட்டைக் குனிந்து பாருங்கள். பல் இருக்க வேண்டிய இடத்தில் பழைய லாரிப் பட்டாவை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் மெழுகு வழிந்த மாதிரி வெல்டிங். கேட்டால், "கெட்டியா வச்சிருக்கு சார், இனி ஆடாது" என்பார்கள். ஆடாதுதான். ஒரேயடியாக முறிந்து விழும்.

இந்த வண்டியைச் செய்தவன் பின்பக்கப் பக்கெட்டின் பல்லை வெல்டு வைத்துக் கொடுக்கவில்லை. ஒரு பல்லுக்கு இரண்டு போல்ட். தேய்ந்தால் கழற்று, புதியதை மாட்டு, அவ்வளவுதான். ஹிட்டாச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெரிய வண்டிகளில் அடாப்டர் மட்டும் பக்கெட்டோடு வெல்டு ஆகியிருக்கும். அதன் மூக்கில் பல்லைத் தொப்பி போலக் கவிழ்த்து, குறுக்கே ஒரு பின் அடித்தால் முடிந்தது. தேய்வது சின்னத் துண்டு, அதை மட்டும் மாற்று என்பதுதான் கணக்கு. நாம் அந்தத் துண்டையும் பக்கெட்டையும் ஒன்றாக உருக்கிவிட்டு, பிறகு பக்கெட்டே போச்சே என்று புலம்புகிறோம்.

நான் இருபத்தெட்டு வருடம் நெய்வேலிச் சுரங்கத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. அரத்தால் ராவுகிற மாதிரி இரும்பைத் தின்னும். வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் சக்கர எந்திரம் வெட்டும். ஒவ்வொன்றும் 1400 லிட்டர் கொள்ளும் பக்கெட்டுகள் சக்கரத்தைச் சுற்றி இருக்கும். பல் மாற்றுவது எங்களுக்குத் தினப்படி வேலை. ஒவ்வொரு பல்லையும் வெல்டு வைத்துக்கொண்டிருந்தால் எந்திரம் நின்ற நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும்.

வெல்டிங் மேல் எனக்குப் பகை இல்லை. சரியாகச் செய்ய முடியாத இடத்தில் செய்யாதே என்கிறேன். பக்கெட்டின் முன் விளிம்பு கடினமாக்கிய இரும்பு. அதைச் சூடேற்றிக்கொண்டு, அடுப்பில் காயவைத்த ராடால் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். நம் மலையில் நடப்பது என்ன? பனி இறங்கும் நேரத்தில், பை கிழிந்து நாலு நாளான ராட். அந்தப் பூச்சில் ஏறிய ஈரம் ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் புகும். ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்தான், மயிரிழை போல விரிசல் விடும். லாரிப் பட்டாவோ கரிச்சத்து கூடிய இரும்பு. குளிர்ந்த நிலையில் வெல்டு வைத்தால் பக்கத்திலேயே கண்ணாடி போல நொறுங்கும். எர்த்தை எங்கோ தூரத்தில் மாட்டி, பேட்டரியையும் கழற்றாமல் வைப்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

போல்ட் கழன்றுவிடுகிறதே என்பார்கள். கழலும். ஏன் கழல்கிறது? கடையில் கிடைத்த சாதா போல்ட்டைப் போடுகிறோம். தலையில் 4.6 என்றிருந்தால் ஒன்று, 10.9 என்றிருந்தால் வேறொன்று. இரண்டாவது இழுவையில் இரண்டரை மடங்கு தாங்கும். புதுப் பல் மாட்டி அரை நாள் தோண்டியபின் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. பின் அடிக்கும்போது இரும்புச் சிலாம்பு தெறித்துக் கண்ணில் பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குக் கண்ணாடி போடு. சுத்தியலே வேண்டாத பூட்டு வைத்த பல்லும் இப்போது வருகிறது.

போன ஐப்பசியில் சித்தரேவு போகும் மலைச்சாலையில் மண் சரிந்தது. வந்த ஜேசிபி கால் மணி நேரம் அள்ளியது. ஒரு பாறையை நெம்பும்போது ஒட்டுப் போட்ட பல் இரண்டு பக்கெட் விளிம்போடு கிழிந்து வந்துவிட்டது. வெல்டரும் ஜெனரேட்டரும் கீழிருந்து வர மூன்று மணி நேரம். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டயாலிசிஸுக்குத் திண்டுக்கல் போக வேண்டியவர், காரில் உட்கார்ந்தபடியே கிடந்தார். முகம் வீங்கிப்போயிருந்தது. ஆபரேட்டர் தம்பி என்னிடம், "நான் என்ன பண்ணட்டும் அய்யா, ஓனர் பல் வாங்கித் தர மாட்டேங்குறாரு" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஓனருக்குப் போன் செய்தேன். "அடுத்த தடவை பார்ப்போம் சார்." பெயரைச் சொல்லவில்லை, படித்தால் அவருக்கே தெரியும்.

அவர் பார்க்கிறவரை நான் காத்திருக்கவில்லை. அந்த மாடலுக்கான இரண்டு பல், நாலு போல்ட், நட்டு, நீளக் கைப்பிடி ஸ்பானர் எல்லாம் வாங்கி என் வீட்டுத் திண்ணையில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். விளிம்பைக் கிழித்துக்கொள்ளாத எந்த வண்டிக்காரரும் மழைக்காலத்தில் கேட்டு வரலாம்.