விநோதம் என்னும் சோம்பல்

பெங்களூரிலிருந்து மைசூருக்குக் காரில் செல்வோருக்கென்று 'வழியில் காண வேண்டிய விநோதங்கள்' என்ற பட்டியல்கள் சமூக ஊடகங்களில் ஓயாது வலம்வருகின்றன. கேதோஹள்ளியின் பெரிய ஆலமரம், ராமநகரத்து 'ஷோலே' மலை, சென்னபட்டணத்துப் பொம்மை ஆகிய மூன்றுக்கும் அவற்றில் ஒரே அடைமொழிதான். ஒன்றை விநோதம் என்று சொல்லிவிட்டால் அது ஏன், எப்படி அவ்வாறாயிற்று என்று கேட்கும் கடமை தீர்ந்துவிடுகிறது.

ராமநகரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1975இல் வெளிவந்த படத்தில் கப்பர் சிங் உலவிய குன்றுகள் என்பதோடு பட்டியல் ஓய்ந்துவிடும். அவ்வூரின் பழைய பெயரைக்கொண்டு 'குளோஸ்பேட் கருங்கல்' என்று நிலவியலாளர் வழங்கும் அப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன் செங்குத்தான இடுக்குகள் நீண்ட அலகுப் பாறுக்கழுகுகள் கூடுகட்டும் இடங்கள். டைக்குளோஃபினாக் என்னும் வலிநிவாரணி கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்து, இந்தியாவில் இவ்வினத்தின் பெரும்பகுதி மாண்டது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. ராமதேவர பெட்டா 2012இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அழிவின் விளிம்பிலுள்ள பறவையின் கூட்டருகே நின்று கப்பரின் வசனத்தை உரக்கக் கூவுவது அறியாமையின் விளைவு. அந்த அறியாமைக்குப் பயணியை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையன்று.

பாறையைப் பற்றியும் பாறுகளைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. சுற்றுலாப் பயணியை ஏளனம் செய்யும் கல்வியுலகம், அவன் காரை நிறுத்தும் அந்தப் பத்து நிமிடங்களைப் பட்டியல் எழுதுவோரிடம் ஒப்படைத்துவிட்டது.

மக்கள் வேடிக்கை பார்க்கத்தானே வருகிறார்கள், பாடம் எதற்கு என்று கேட்கப்படலாம். அறிவதனால் வேடிக்கை குறைவதில்லை. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டில் நிறம் உருகி மரத்தில் ஏறுகிறது. அதைக் கண்டவருக்குச் சென்னபட்டணத்துப் பொம்மை மேலும் இனிக்கும். நோயுற்ற அடிமரம் மறைந்த பின்னரும் விழுதுகளே பெரிய ஆலமரத்தைத் தாங்கி நிற்கின்றன என்று அறிந்தவர், அதன் நிழலில் சற்றுக் கூடுதலாகவே நிற்பார்.

ஆகவே, இச்சாலையோர இடங்களை ஆய்வுக்களமாகக் கொள்ளும் ஒவ்வோர் ஆய்வேட்டோடும், பொதுமக்களுக்கான ஒரு பக்க விளக்கத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் இணைப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். பதவி உயர்வின்போது அப்பக்கத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும். அதுவரை பட்டியல்களைப் பழிக்கும் உரிமை கல்வியாளர்களுக்கு இல்லை.