மெக்கானிக் ஆன படைவீரருக்கும் ஒரு பதிவு வேண்டும்

வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல் துண்டுக்குக்கூட எண்ணிட்டுக் குறிப்பு எழுதிவைக்கிறோம்; அது சரியே. ஆனால் ராணுவத்திலிருந்து திரும்பி, ஊரில் மெக்கானிக்காக வாழ்ந்து மறைந்தவருக்கு மிஞ்சுவது கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிதான். ராணுவத்தில் 1943இல் உருவான இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர்) படைப்பிரிவின் வேலையே டாங்கி முதல் லாரி வரை பழுது நீக்குவது. 15 ஆண்டுப் பணிக்கே சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு என்பதால், பலர் நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் கைத்திறன் முழுவதும் ஊரின் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும்தான்.

கூலி வாங்கிச் செய்த வேலைக்கு நினைவேந்தல் எதற்கு என்று கேட்கலாம். எல்லையில் நின்றதற்கும் சம்பளம் உண்டு. அதனால் அந்தச் சேவையை நாம் குறைத்து மதிப்பதில்லையே. போரில் விழுந்தவருக்கு நடுகல் எடுத்த மரபு நம்முடையது. பிழைத்து வந்து உழைத்தவரையும் நினைப்பதால் வீரமரணத்தின் பெருமை குறையாது. இவர்களின் பணி விவரத்தையும், இவர்களிடம் தொழில் பழகியவர்களின் பெயர்களையும் ஊராட்சிகள் பதிவேட்டில் எழுதத் தொடங்கட்டும்.