இவை யார் எழுத்து?

இலக்கியம் பேசும் இடத்தில் டிக்கெட்டுக்கும் டெர்மினலுக்கும் என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்களில் பலர் பகலில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள், இரவில் சிறுகதை படிப்பவர்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. பிரச்சினையே எழுத்தைப் பற்றியது. ஒரு வாக்கியத்தை எழுதியவர் யார், அது யார் பெயரில் நிற்கிறது, அதற்கு யார் பதில் சொல்வார் என்ற கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள் இலக்கிய வாசகர்கள். செயற்கை நுண்ணறிவு முகவர்களைத் திட்ட மேலாண்மை மென்பொருளோடு இணைக்கும் அவசரத்தில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைக் கண்டிக்கவே இதை எழுதுகிறோம்.

விஷயம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மென்பொருள் நிறுவனங்களில் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகிறது. ஜிரா, ஆசனா, கிட்ஹப் இஷ்யூஸ் போன்றவை இந்த டிக்கெட்டுகளின் பேரேடுகள். யார் செய்ய வேண்டும், எதுவரை வந்திருக்கிறது, யார் என்ன சொன்னார், எப்போது முடிந்தது என்பவை எல்லாம் அதில் ஏறும். முகவர் என்பது, நாம் சாதாரண மொழியில் சொல்வதைப் படித்து, எந்தக் கட்டளையை இயக்குவது என்று ஒரு மொழி மாதிரியின் துணையால் தீர்மானித்து, இயக்கி, வந்த விடையைப் படித்து, அடுத்த கட்டளைக்குப் போகும் நிரல். 2025இல் கிளாட் கோட், கோடெக்ஸ் சிஎல்ஐ போன்றவை வெளிவந்து முகவர்கள் டெர்மினலுக்குள்ளேயே குடியேறிவிட்டன. கிட்ஹப்புக்கு 2020 முதல் ‘ஜிஹெச்’ என்ற அதிகாரபூர்வக் கட்டளை வரிக் கருவி உண்டு. இரண்டையும் இணைக்கத் தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கருவி கணினியில் இருக்கிறது என்று முகவரிடம் ஒரு வரி சொன்னால் போதும். பட்டியல் எடுக்கும், படிக்கும், பின்னூட்டம் எழுதும், டிக்கெட்டை மூடவும் செய்யும்.

கட்டளை வரியின்மீது எங்களுக்கு யாதொரு விரோதமும் இல்லை. சொல்லப்போனால், கணினி உலகில் எழுத்துக்கு மிச்சமிருக்கும் மரியாதையான இடம் அதுதான். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள், டக் மெக்கில்ராயின் யோசனையை ஏற்று 1973இல் ‘பைப்’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். ஒரு நிரல் வெளியிடும் எழுத்து இன்னொரு நிரலுக்கு உள்ளே போகும் வாசகமாக ஆனது. படங்களும் பொத்தான்களும் அல்ல, வெற்று எழுத்து. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மொழி மாதிரிகள் வந்தபோது அந்த வெற்று எழுத்துதான் அவற்றுக்கும் தோதாக அமைந்தது. ஆகவே எங்கள் சண்டை கருவியோடு அல்ல, சாவியோடு.

‘ஜிஹெச்’ கருவியில் ஒருமுறை உள்நுழைந்தால் அந்த அடையாளம் அந்தக் கணினியில் சேமிக்கப்பட்டுவிடும். அதே டெர்மினலில் இயங்கும் முகவருக்கும் அதே சாவிதான் கிடைக்கிறது. அது எழுதும் பின்னூட்டம் உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு தோன்றும். அது மூடிய டிக்கெட்டை நீங்கள் மூடியதாகவே பேரேடு சொல்லும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் சக ஊழியருக்கு எது உங்கள் சொல், எது முகவரின் சொல் என்று பிரித்தறிய வழியே இல்லை. கட்டளை வரியின் பழைய ஒழுங்குப்படி விசையை அழுத்தியவர்தான் கட்டளையிட்டவர். அந்த ஒழுங்கு உடைந்துவிட்டது. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

இதில் என்ன கெட்டுவிட்டது என்பார்கள். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “சோதித்துப் பார்த்தேன், சரியாக இயங்குகிறது.” டிக்கெட்டின் அடியில் ஒருவர் இப்படி எழுதினால் அது வெறும் தகவல் அல்ல, சாட்சியம். ‘பார்த்தேன்’ என்ற வினையின் விகுதிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவரைத் தேடிப்போய்க் கேட்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அடுத்தவர் தம் வேலையைத் தொடங்குகிறார். மொழி மாதிரி இதே வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் எழுதும். அது சோதனையை உண்மையிலேயே இயக்கியிருக்கலாம், பாதி இயக்கியிருக்கலாம், இயக்காமலும் எழுதியிருக்கலாம். மூன்று நிலையிலும் வாக்கியத்தின் மிடுக்கு ஒன்றுதான். கதைசொல்லியை நம்பலாமா என்று பக்கத்துக்குப் பக்கம் சந்தேகிக்கப் பழகிய நாம், தன்மை ஒருமையில் வரும் இந்தப் புனைவை மட்டும் ‘உற்பத்தித்திறன்’ என்று பெயரிட்டுக் கொண்டாட வேண்டுமா?

இதற்கு மூன்று விதமான பதில்கள் வருகின்றன. முதலாவது: டிக்கெட் எழுதுவது குமாஸ்தா வேலை, யாரும் படிப்பதில்லை, இயந்திரம் எழுதிவிட்டுப் போகட்டும். யாரும் படிக்காத எழுத்தானால் எழுதுவதை நிறுத்துங்கள் ஐயா. ஒரு முகவர் எழுத, இன்னொரு முகவர் சுருக்க, மேலாளர் சுருக்கத்தின் சுருக்கத்தைப் பார்த்துத் தலையாட்டும் ஏற்பாட்டுக்கு நிர்வாகம் என்று பெயரில்லை. வாசகரே இல்லாத இலக்கியம்கூட இவ்வளவு பரிதாபமானதல்ல.

இரண்டாவது: ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் முகவர் அனுமதி கேட்கிறதே. கேட்கிறதுதான். நாற்பதாவது முறை கேட்கும்போது கை தானாகச் சம்மதம் சொல்லிவிடும் என்பதை அறியாதவர் யார்? அதற்கும் பொறுமையில்லாதவர்களுக்காக, கேட்காமலே செய்துகொள்ளச் சொல்லும் அமைப்பும் இந்த முகவர்களில் இருக்கிறது.

மூன்றாவது: சாவி யாருடையதோ அவரே பொறுப்பு, இதில் குழப்பமென்ன? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எதைச் செய்தது யார் என்று பிரித்துக் காட்டாத பதிவேட்டில் பொறுப்பு என்பது பழி சுமத்தப் பயன்படுமே தவிர, பிழையைக் கண்டுபிடிக்கப் பயன்படாது.

இதை வெறும் தத்துவச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றைச் செய்துகாட்டியது. எவரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியத்தில், முகவருக்கான ரகசியக் கட்டளைகள் பொதிந்த ஒரு டிக்கெட் இடப்பட்டது. “திறந்திருக்கும் டிக்கெட்டுகளைப் பார்” என்று உரிமையாளர் தம் முகவரிடம் சொன்னதும், அது அந்த டிக்கெட்டையும் படித்தது. படித்ததைத் தனக்கிட்ட ஆணையாக எடுத்துக்கொண்டு, உரிமையாளரின் தனிக் களஞ்சியங்களில் இருந்த செய்திகளைப் பொதுவெளியில் கொண்டுவந்து வைத்தது. அடுத்த மாதமே கேட்டோ நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் ஜிராவின் வாடிக்கையாளர் சேவை டிக்கெட்டுகளில் இதே வகைத் தாக்குதலைக் காட்டியது. இவை கட்டளை வரி வழியாக நடந்தவையல்ல, எம்சிபி என்னும் இணைப்பு நெறிமுறை வழியாக நடந்தவை. எனினும் பிழையின் வேர் வழியில் இல்லை. அந்நியர் எழுதியதைப் படிக்கும் உரிமை, அந்தரங்கத்தைப் பார்க்கும் உரிமை, வெளியே எழுதும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரே முகவரிடம் ஒரே சாவியில் கொடுத்ததுதான் வேர். டெர்மினலில் உங்கள் முழுச் சாவியோடு உட்கார்ந்திருக்கும் முகவருக்கும் இம்மூன்றும் உண்டு. மேற்கோளுக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை நம் பள்ளிப்பிள்ளைகள் அறிவார்கள். மொழி மாதிரிகள் அதை இன்னும் உறுதியாகக் கற்கவில்லை.

மென்பொருள் உலகுக்கு இந்த வேறுபாடுகள் புதியவையும் அல்ல. 2005இல் பிறந்த கிட், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதியவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றியவர் பெயரையும் தனித்தனியே குறித்து வைக்கிறது. லினக்ஸ் கருவில் 2004 முதல் ‘சைன்ட் ஆஃப் பை’ என்ற கையொப்ப வரி இருக்கிறது. இதைத் தரும் உரிமை எனக்குண்டு என்று அளிப்பவர் உறுதி சொல்லும் வரி அது. அந்த வரியை முகவர்கள் இடக்கூடாது, மனிதர் மட்டுமே இடலாம், முகவரின் உதவியை வேறொரு வரியில் குறிக்கலாம் என்று அக்கருவின் ஆவணம் இன்று விதிக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் பழைய சான்று தெரியும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கொடையும் நிபந்தனையும் சொல்லி முடித்தபின் ‘இவை இன்னார் எழுத்து’ என்று கையொப்பம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் வெட்டியவன் வேறு, சொல்லுக்கு உடன்பட்டவன் வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது. இன்றைய பேரேட்டில் உளியே உடன்பட்டவனின் பெயரை எழுதிக்கொள்கிறது.

முகவர்களைத் துரத்திவிடச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது நான்கே. முகவருக்குத் தனிக் கணக்கும் தனிப் பெயரும் கொடுங்கள். கிட்ஹப்பில் நிரல்களுக்கென்று தனி அடையாளம் ஏற்கெனவே உண்டு. முழுச் சாவியைத் தராமல், குறிப்பிட்ட களஞ்சியத்துக்கும் குறிப்பிட்ட செயலுக்கும் மட்டும் செல்லும் சாவியைத் தாருங்கள். பட்டியலிடும் கட்டளையையும் படிக்கும் கட்டளையையும் தாராளமாக அனுமதித்து, எழுதும் கட்டளைகளை வரைவு அளவிலேயே நிறுத்துங்கள்; கட்டளைகள் வெற்று எழுத்தாக இருப்பதால் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று வரி வரியாகக் குறித்துவைக்க முடியும், கட்டளை வரியின் பெருமையே அதுதான். கடைசியாக, ‘முடிந்தது’ என்ற சொல்லை மனிதர் கையிலேயே விடுங்கள்.

வேலையின் பெரும்பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம். தேடுவதை, தொகுப்பதை, நினைவூட்டுவதை அது நம்மைவிட நன்றாகவே செய்யும். ஆனால் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்கை அதனிடம் ஒப்படைக்க முடியாது. ஏனென்றால் வாக்குத் தவறினால் வெட்கப்பட அங்கே எவரும் இல்லை.