நாற்றழுகல் எதன் பெயர்?

பருவமழை ஓயும் செப்டம்பரில் தில்லி நாற்றங்கால்களில் குளிர்காலப் பூச்செடிகளின் விதைப்பு தொடங்குகிறது. பெட்டூனியா, பான்சி, டையாந்தஸ் நாற்றுகள் முளைத்த சில நாள்களில் மண்மட்டத்தில் தண்டு நைந்து சாய்கின்றன. 'ஃபங்கஸ்' என்ற ஒரு சொல்லில் தீர்ப்பு வழங்கப்பட்டு, கார்பென்டசிம் கரைத்து ஊற்றப்படுகிறது. அதன்பின்னும் நாற்றுகள் மடிந்தால் பழி மருந்தின் மீதோ தொழிலாளியின் மீதோ விழுகிறது. பெயரை எவரும் ஐயுறுவதில்லை.

நாற்றழுகல் என்பது அறிகுறியின் பெயர், நோய்க்காரணியின் பெயரன்று. அதே அறிகுறியை ரைசோக்டோனியாவும் உண்டாக்கும், பித்தியமும் உண்டாக்கும். முன்னது மெய்யான பூஞ்சை. பின்னது பூஞ்சைபோல் இழை விட்டாலும் ஊமைசீட்ஸ் என்ற வேறு வகுப்பு. பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. கார்பென்டசிம் முன்னதை அடக்கும், பின்னதைத் தீண்டாது. மெட்டலாக்சில் இதற்கு நேர்மாறு.

இரண்டையும் பிரித்தறிய மரபணுச் சோதனை வேண்டியதில்லை. நைந்த தண்டின் துணுக்கை ஈரத்தாள் விரித்த கிண்ணத்தில் ஓரிரு நாள் மூடிவைத்து, வளரும் இழையை நுண்ணோக்கியில் காணலாம். ரைசோக்டோனியாவின் இழையில் குறுக்குச்சுவர்கள் உண்டு. அது ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைத்துக் கிளையடியில் ஒடுங்கும். பித்தியத்தின் இளம் இழையில் குறுக்குச்சுவர் இராது. அழுகிய திசுவில் பின்னர் குடியேறிய உயிரியும் வளரக்கூடும் என்பதால், நலமான நாற்றில் ஏற்றிச் சோதிப்பது உறுதியை மிகுவிக்கும்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே இன்று பல ஆய்வேடுகள் விரைகின்றன. நிழற்படத் தொகுப்பு, கணினி மாதிரி, வியக்கத்தக்க துல்லியம்; அத்துடன் 'நோய் அடையாளம்' முடிந்துவிடுகிறது. பிளான்ட்வில்லேஜ் தொகுப்பின் 54,306 இலைப்படங்களைக் கொண்டு 2016இல் வெளிவந்த ஆய்வை நினைவுகூரலாம். தொகுப்பிலேயே ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 விழுக்காடு எட்டிய மாதிரி, வேறிடத்துப் படங்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டுக்குச் சரிந்ததை ஆய்வாளர்களே நேர்மையாகப் பதிவுசெய்தனர். அதன் 14 பயிர்களில் அலங்காரச் செடி ஒன்றுமில்லை.

படங்களைப் பெருக்கினால் குறை தீரும் என்பது வழக்கமான மறுமொழி. இரு வேறு உயிரிகளின் படங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிப் பயிற்றுவித்தால், இலட்சம் படங்களுக்குப் பின்னும் மாதிரி அந்த ஒரு பெயரையே திருப்பிச் சொல்லும். பெயரிட்டவர் காணாத வேறுபாட்டை எந்திரம் கற்க வழியில்லை.

இப்பாடம் தில்லிக்குப் புதிதன்று. பீகாரின் பூசாவில் பணியாற்றிய எட்வின் ஜான் பட்லர் 1907லேயே பித்தியம் பேரினத்தைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். 1934 நிலநடுக்கத்தில் சிதைந்த அந்த நிறுவனம் 1936இல் தில்லிக்குப் பெயர்ந்தது. பட்லர் தொடங்கிய பூஞ்சை மாதிரிச் சேமிப்பகம் இன்றும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. பெயர் ஐயத்துக்குரியதானால் எடுத்துச் சோதிக்க அங்கே ஒரு மாதிரி உண்டு. படத்தொகுப்புகளுக்குப் பின்னால் அப்படி என்ன இருக்கிறது?

நாற்றங்கால்காரரிடம் நுண்ணோக்கி ஏது என்று கேட்பது நியாயம். தாவரவியல் துறைகளில் அது இளநிலை மாணவரின் மேசையிலேயே இருக்கிறது. எனவே கடமை துறைகளுடையது. நோய்க்காரணி எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது என்ற ஒரு பத்தியேனும் இல்லாத 'நோய் அடையாள' ஆய்வேட்டை, அதன் விழுக்காடு எதுவாயினும், நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.