அருகிருக்கும் கடல்

உழைப்பதற்குக் காலம் வகுத்த நம் முன்னோர் உவப்பதற்கும் காலம் வகுத்து வைத்தனர். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும், தைப்பொங்கலை அடுத்து வாடைக்காற்றில் விண்கூவும் பட்டமும், திருவிழாக் காலத்திற் கூட்டமாக நடந்து செல்லும் தீர்த்த யாத்திரையும் அவ்வாறு வந்தவையே. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பின் மகிழ்ச்சியைச் சிறுவர்க்கெனப் பாடிவைத்தமையால், அந்நாளை மறந்தவரும் அப்பாட்டை மறந்திலர். வாழ்வின் சிறு மகிழ்ச்சிகள் பெரும் புலவர் ஒருவரின் கவனத்துக்கு உரியனவாயின் நம் கவனத்துக்கும் உரியனவே. அவற்றுள் ஒன்று நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. அருகிலுள்ள கடலுக்குக் குடும்பத்தோடு சென்று மீளும் வழக்கமே அது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர்க்குக் கொக்குவில், தாவடி, இணுவில் என்னும் ஊர்களை அடுத்து மருதனார்மடம் எதிர்ப்படும். பெயரில் மருதம் ஒலிக்கிறது. நிலமும் மருதத்தை ஒத்ததே. செம்மண் தோட்டமும், வெங்காயப் பாத்தியும், வாழையும் புகையிலையும், சந்தைக்கு வரும் காய்கறி மூட்டைகளும் அவ்வூரின் அன்றாடக் காட்சிகள். ஆயினும் அதே வீதியிற் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனத் தொடர்ந்து செல்லின், ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றரில் வீதி முடிந்து கடல் தொடங்கும். துவிச்சக்கர வண்டியில் ஒரு மணி நேரம் வேண்டா. ஒரு திணைக்குரிய பொருள் மற்றொரு திணையிற் சென்று கலப்பதைத் திணைமயக்கம் என்பர் இலக்கண நூலார். நம் குடாநாட்டில் அம்மயக்கம் நூலளவில் நில்லாமல் ஒரு காலைப் பொழுதிற் கண்ணாற் காணத்தக்கதாக அமைந்துள்ளது.

கடலாடுதலைப் பழந்தமிழர் பொழுதுபோக்கு என ஒதுக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடலிலே குளித்து, உப்புப் போக நன்னீரிலும் படிந்து, நண்டைத் துரத்தியும் அலையை உழக்கியும் மணலிற் பாவை செய்தும் பகல் முழுதும் விளையாடியதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கும். இளங்கோவடிகள் ஒரு காதைக்கே கடலாடு காதை எனப் பெயர் சூட்டினார். கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலுமாகப் புலரும் பொழுதிற் கடற்கரைக்குச் செல்லும் செலவை அங்குக் காணலாம். அச்செலவின் முடிவு பிரிவாயிற்றே எனின், அக்குற்றம் கடலினுடையது அன்று.

பட்டினப்பாலை கூறிய இருவகை நீராட்டும் ஒரே இடத்தில் வாய்த்த ஊர் கீரிமலை. மழைநீர் வலிகாமத்துச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியே வடக்கு நோக்கி ஊர்ந்து, கடலின் விளிம்பில் நன்னீர் ஊற்றாக வெளிப்படுகிறது. கேணிக்கு ஒரு புறம் உப்புநீர், உள்ளே இன்னீர். கீரிமுகம் நீங்கிய நகுலமுனிவர் கதையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இந்நீரைச் சுற்றி எழுந்தவை. மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயருக்கும் பின்னைய கதையையே காரணமாகக் கூறுவர். நம் தோட்டத்தில் விழும் மழையும் அவ்வூற்றும் ஒரே நீரோட்டத்தைச் சேர்ந்தவை என்பதை ஒரு சிறுவன் அக்கேணியில் நின்று அறிவானாயின், நிலநூற் பாடம் பத்துக் கற்ற பயனை ஒருங்கே பெறுவான்.

இத்துணை அண்மையில் உள்ள கடல் ஒரு தலைமுறைக்குச் சேய்மையாயிற்று. 1990 ஆம் ஆண்டிற் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். வீதி மறிக்கப்பட்டது. 1905 ஆம் ஆண்டில் முழுமைபெற்ற வடபுலப் புகைவண்டிப் பாதையும் செயலற்றது. மயிலிட்டித் துறை மீண்டும் மக்கள் கைக்கு வர 27 ஆண்டுகள் சென்று 2017 ஆம் ஆண்டு ஆயிற்று. புகைவண்டி மறுபடியும் காங்கேசன்துறையை அடைந்தது 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். தீவகற்பத்திற் பிறந்தும் கடலிற் கால் நனையாது வளர்ந்த பிள்ளைகள் பலர். இன்று அவர்களே பெற்றோராயுள்ளனர். தாம் பெறாத ஒன்றைத் தம் மக்களுக்குக் கொடுக்க அவர்களுக்குத் தோன்றாமற் போவது வியப்பன்று.

மீண்ட கடலை நாம் எவ்வாறு பயன்கொள்கிறோம்? கீரிமலை இன்று பலர்க்கு அந்தியேட்டிக்கும் ஆடியமாவாசைக்கும் மட்டும் உரிய இடமாய்விட்டது. இறந்தோர்க்குக் கடன் செய்யும் கரை புனிதமானது, ஐயமில்லை. ஆனால் முன்னோர் அக்கரைக்குத் துயரோடும் சென்றனர், மகிழ்ச்சியோடும் சென்றனர். ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவிட்டபுரக் கந்தனும் அங்கு எழுந்தருள்வதால், பிதிர்க்கடனும் திருவிழாவும் ஒரே நாளில் ஒரே கரையிற் கைகோத்தன. தந்தை இறந்த பின்னரே மகன் கடலைக் காண்பதாயின், அத்தந்தை மகனுக்குச் செய்யத் தவறிய கடன் ஒன்று உண்டு என்றே கூறுவோம்.

மற்றொரு தடை நாமே எழுப்பியது. சனிக்கிழமை காலை ஒரு தனியார் வகுப்பு, மாலை மற்றொன்று, ஞாயிறும் அவ்வாறே எனப் பிள்ளையின் வாரம் முழுதும் நிரம்பி வழிகிறது. சோதனை நெருங்குகிறது, ஊர்சுற்ற நேரமேது என்று பெற்றோர் வினவுவர். கல்வியிற் பெற்றோர் கொண்ட ஆர்வத்தை நாம் இகழோம். 1913 ஆம் ஆண்டிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மகளிர்க்கெனக் கல்லூரி நிறுவிய மருதனார்மடத்தில் அதனை இகழவும் இயலாது. எனினும், அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழிக்குப் பிழையறப் பொருளெழுதும் மாணவன், மணலிற் படர்ந்து ஊதாநிறப் பூப்பூத்த அடம்பனை நேரிற் கண்டு இது யாது கொடி என வினவுவானாயின், அவன் பெற்ற புள்ளி எதற்கு? சங்கப் புலவர் அடும்பு என்றதும் அதனையே. காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையைத் துரத்தியவனுக்கும் சோளகக் காற்றிற் கடல் கறுப்பதைப் பார்த்தவனுக்கும் நெய்தற்றிணையை உரை நூலின்றியே விளக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றை விட்டுக்கொடுப்பதனால் எவர் கல்வியும் குன்றாது.

இவ்வின்பத்திற்குப் பெருஞ்செலவு வேண்டா. கட்டுச்சோறு ஒரு பொதி, பனங்கட்டி சில, புழுக்கொடியல் ஒரு பிடி, நிழலுக்கு ஒரு மரம் போதும். காரைநகர்க் கசூரினாக் கரையில் ஆழமற்ற நீரும் சவுக்கமர நிழலும் உண்டு. தொண்டைமானாற்றில் நீரேரி கடலைச் சந்திக்கிறது. வல்லிபுரத்தில் மணற்குன்றும் ஆழ்வார் கோயிலும் ஒருங்கே உள. வாடகை வண்டியில் ஒரே நாளில் ஐந்து கரைகளை எண்ணித் திரும்புவதினும், ஒரு கரையில் அரைநாள் அமைதியாக இருந்து வருதல் நன்று.

செல்வோர் சில முறைகளைப் பேணுதல் வேண்டும். கரை நமக்கு விடுமுறைக் களம். கடற்றொழிலாளர்க்கு அதுவே முற்றமும் தொழிற்களமும் ஆகும். உலரும் வலையின்மீது நடத்தலும், வள்ளத்திற் பிள்ளைகளை ஏற்றி ஆட்டுதலும், மீன்வாடையை இகழ்ந்து மூக்கைப் பொத்துதலும் விருந்தினர்க்கு அழகல்ல. எவ்விடத்தில் இறங்கலாம், எவ்விடத்தில் நீரோட்டம் வலிது என்பதை அவரைக் கேட்டே இறங்குதல் அறிவுடைமை. 2004 மார்கழி 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையை அனுபவித்த மக்களுக்குக் கடலை விளையாட்டாகக் கொள்ளற்க எனக் கூற வேண்டியதில்லை. உண்ட பொதியின் பொலித்தீன் உறையையும் நீர்ப்போத்தலையும் கரையில் எறிந்து வருவோர், மீண்டும் பெற்ற நிலத்தை மறுபடியும் இழப்பதற்கு வழிசெய்வோரே ஆவர். வாழையிலையிற் கட்டி எடுத்துச் சென்றால் அவ்விழுக்கு நேராது, சோறும் மணக்கும்.

வலிகாம வடக்கில் இன்னும் உரியவர் கைக்கு வாராத காணிகள் உள. அவை மீளவேண்டும் எனக் கேட்கும் உரிமை நமக்குண்டு. மீண்ட கரையில் நம் பிள்ளைகளின் காலடி படாதாயின் அக்கேள்வி தன் வலிமையை இழக்கும். நிலம் உறுதிப் பத்திரத்தால் மட்டும் நம்முடையதாகாது. நடந்தும் இருந்தும் குளித்தும் உண்டும் பழகிய நினைவினாலேயே அது நம்மோடு ஒட்டும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை உள்ளத்துட் கொண்டு, அடுத்த மாதத்து ஞாயிறு ஒன்றைக் கடலுக்கென இன்றே ஒதுக்கி வைப்பாராக.