பாட்டியின் வடையைப் பறித்தவர்கள்

என் தங்கை பெண்ணுக்கு ஐந்து வயது. எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறாளே என்று படக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கிப் போனேன். பாட்டி வடை சுட்ட கதைதான். 'வாசிக்கப் பழகும் சிறுவர்களுக்காக எளிமைப்படுத்தியது' என்று அட்டையில் போட்டிருந்தது. எளிமைப்படுத்திய புண்ணியவான் யாரோ, அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

பாட்டி வடை சுட்டாளாம், காகம் எடுத்ததாம், நரி வந்ததாம், வடை விழுந்ததாம். அவ்வளவுதான் கதை! நரி ஒரு வார்த்தை புகழவில்லை, பாடச் சொல்லிக் கெஞ்சவில்லை. நீண்ட வாக்கியம் குழந்தைக்கு ஆகாதாம். பிறகு காகம் எதற்காக வாயைத் திறந்தது? கொட்டாவி விட்டதோ என்னவோ!

போதாக்குறைக்கு, முதல் பக்கத்துப் படத்திலேயே நரி வடையோடு ஓடுகிறது. குழந்தை பார்த்தாள், புத்தகத்தை மூடிவிட்டாள். படம் கூடாதென்று நான் சொல்லவில்லை. 1947இல் தொடங்கி எங்கள் தலைமுறை வரை வளர்த்துவிட்டு நின்றுபோன அம்புலிமாமாவில் இல்லாத படமா? விக்கிரமன் தோளில் வேதாளம் தொங்கும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் அவன் சொன்ன பதிலைப் படத்தில் காண முடியாது. எழுத்தைத்தான் படித்தாக வேண்டும்.

"தெரிந்த கதையைக் கொடுத்தால் குழந்தை படிக்காது, ஒப்பிக்கும்" என்பார் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர். 247 எழுத்தையும் கதையே கற்றுக்கொடுத்துவிடும் என்று நானும் சாதிக்கவில்லை. ஆனால் எழுத்துத் தெரிந்த பிறகும் தமிழில் ஒரு சங்கடம் உண்டே! 'பாட்டி'யில் வருவதும் 'வடை'யில் வருவதும் டகரம்தான். ஒலி ஒன்றா? 'காக்கா'வின் ககரமும் 'அழகு' என்பதன் ககரமும்? இரட்டித்தால் வன்மை, உயிரொலிகளின் நடுவே வந்தால் இளக்கம் என்று ஐந்து வயதுக்கு இலக்கணம் சொல்லவா முடியும்? கதையைக் காதால் கேட்ட குழந்தைக்கு அது தேவையே இல்லை. கூட்டிப் படித்துத் தடுமாறும் இடத்தில், காதில் இருக்கும் சொல் வந்து கைகொடுக்கிறது. தானே சிரித்துத் திருத்திக்கொள்கிறது. இது ஒப்பித்தல் அல்ல, ஐயா, படிப்பு.

தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை தெரியுமல்லவா? கன்றைக் கேட்கும், பசுவைக் கேட்கும், மேய்ப்பவனைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் பழைய பெயர்களையெல்லாம் அடுக்கிவிட்டுத்தான் புதிய ஆளை விளிக்கும். ஒரே சொல் எத்தனை தடவை கண்ணில் படுகிறது! எந்த நிபுணர் இப்படி ஒரு பயிற்சி எழுதினார்? 'கூறியது கூறல்' குற்றமென்று அதையும் அவர் அடித்துவிடுவார்.

அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு, ஒரு நோட்டில் பெரிய எழுத்தாகக் கதை முழுவதையும் நானே எழுதினேன். மரத்தடியில் நரி வந்து நிற்பதோடு படத்தை நிறுத்திக்கொண்டேன். எனக்குப் படம் போட வராது.

"இது நாய், மாமா!" என்றாள் குழந்தை. பிறகு கீழே விரலை வைத்து, "ந... ரி" என்று கூட்டினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.