இலையைத் திருப்பிப் பாரம்மா!

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை. காபி டம்ளரும் கையுமாகக் கொல்லைக் கதவைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வேலியோரம் குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"என்னம்மா, காலங்கார்த்தாலே?" என்றேன்.

"குழந்தைக்கு ரெண்டு நாளாக் கண்ணு மஞ்சளா இருக்குக்கா. மூத்திரமும் மஞ்சளாப் போறான். சாதத்தைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான். கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து கொடுன்னு எங்க அத்தை போன்ல சொன்னாங்க. இதுதானேக்கா அது?"

அவள் நீட்டிய பிடிச் செடியைப் பார்த்தேன். சின்னச் சின்ன இலை, புளிய இலை மாதிரி வரிசை. கீழாநெல்லி போலத்தான் இருந்தது. "அப்படித்தான் தோணுது" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வாசலில் கீரைக்கார ஆயாவின் குரல் கேட்டது.

ஆயா கூடையை இறக்கிவிட்டு, அந்தப் பிடியை வாங்கித் திண்ணையில் பரப்பினாள். "பாப்பா, மேலாகப் பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். இலையைத் திருப்பிப் பாரம்மா!" என்றாள். ஒவ்வொரு கிளையாகத் திருப்பினாள். ஒன்றைக் கிள்ளிக் காட்டினாள். வெள்ளையாகப் பால் துளிர்த்தது. "நெல்லிக்குப் பால் ஏது? இது அம்மான் பச்சரிசி." இன்னொன்றை எடுத்தாள். தண்டு சிவப்போடி இருந்தது, இலைக்கடியில் காய்கள் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுவும் நெல்லிச் சாதிதான். ஆனா நாங்க எடுக்கிறது இது இல்லே." மிச்சம் நின்றதுதான் அசல் கீழாநெல்லி. ஒரே பிடியில் மூன்று செடிகள்!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மட்டும் "ஆமாம்" என்று தலையாட்டியிருந்தால், அந்த மூன்றும் அம்மியில் ஒன்றாக அரைபட்டு ஒரு பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்குமே!

அன்றைக்கு எதையும் அரைக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ என்று தெரிந்தது. "குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். ஓய்வு, காய்ச்சி ஆறின தண்ணீர், பசித்தபோது சாப்பாடு, இது போதும். ஆனால் மயக்கமாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, எங்கேயாவது ரத்தம் கசிந்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள்" என்றார் டாக்டர். கூடவே அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறைத்தது. "தானாகச் சரியாகிற காமாலைக்கு எந்த இலையைக் கொடுத்தாலும் அந்த இலைக்குத்தான் பேர் வரும். தானாகச் சரியாகாத காமாலையும் உண்டு. அங்கேதான் நாள் வீணாகிவிடும்."

பையன் இப்போது ஓடி விளையாடுகிறான். ஆனால் அந்தத் திண்ணைப் பாடத்தை எங்கள் தெருப் பெண்கள் விடுவதாக இல்லை. மூன்றாவது தெருவில், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா இருக்கிறார். அவரிடம் போய் நின்றோம். "நான் வரேன். ஆனா அந்தக் கீரைக்கார அம்மாவும் வரணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, நாங்கள் ஏழெட்டுப் பேர் வேலியோரம், வாய்க்கால்கரை, பூங்கா என்று சுற்றுகிறோம். டீச்சர் கையில் ஒரு பூதக்கண்ணாடி, ஆயா மடியில் வெற்றிலை!

முதல் நாளே டீச்சர் கீழாநெல்லியைக் காட்டி ஒரு கேள்வி போட்டார். "இது புளிய இலை மாதிரி ஒரே இலையா, இல்லே பல இலையா?" நாங்கள் விழித்தோம். "புளிய இலையிலே அந்தச் சின்னச் சின்னத் துண்டுக்கடியிலே பூ வருமா? வராது. அங்கே முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஒரு இலை. இதிலே ஒவ்வொரு குட்டி இலைக்கும் அடியிலே பூவும் காயும் இருக்கு பாருங்க. அப்போ ஒவ்வொண்ணும் தனி இலை. ஈர்க்கு மாதிரித் தெரியறது கிளை." கீழே நெல்லி காய்ப்பதால் கீழாநெல்லி! இத்தனை வருஷம் வாயில் புழங்கின பெயருக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்கிற்று. விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பு என்று டீச்சர் சொன்னதும், "அதைத்தானே நானும் சொல்றேன், கசக்கும்னு!" என்றாள் ஆயா.

ஒரு பிடியில் மூன்று செடி கலந்தது எங்கள் கொல்லைக் கதை மட்டுமல்ல. கீழாநெல்லி என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் சரக்கைத் தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிச் சோதித்து, 2010-ல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. 76 சதவீதம் சரக்கில் பெரும்பாலும் அசல் கீழாநெல்லியே இருந்தது. மீதியில் அதன் ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள், வேறு ஐந்து இனங்கள்! இந்தச் செடியை வைத்து 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் நல்ல பலன் கண்டதாக லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே, செடி சரியாக இருந்தாலும் அதுவே டாக்டர் ஆகிவிடாது. செடியே தப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு உடம்பு மஞ்சளித்தால் எந்தப் பச்சிலையும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

படித்தவர் ஒருவர், பழகினவர் ஒருவர். இருவரில் யார் பெரியவர்? எங்கள் நடையில் அதற்கு விடையே கிடைக்கவில்லை, போங்கள்!

ஒரு நாள் தரையோடு படர்ந்த இளஞ்செடிகளைக் காட்டி "இது சாரணையா, மூக்கிரட்டையா?" என்று கேட்டோம். டீச்சர், "பூ வரட்டும், அப்புறம் சொல்றேன்" என்று நழுவினார். ஆயா விடவில்லை. ஒரு இலையை விரலிடுக்கில் நசுக்கினாள். "இது சதைப்பிடிப்பா இருக்கு, சாரணை. அது மெலிசு, அடிப்பக்கம் வெளுப்பு, மூக்கிரட்டை." இரண்டு வாரம் கழித்துப் பூ வந்தது. சதைப்பிடிப்பானதில் இலை இடுக்கில் ஒற்றை ஒற்றையாகப் பூ. மெலிசானதில் குட்டியூண்டு ரோஸ் நிறப் பூக்கள் கொத்தாக, காய் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆயாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்!

இன்னொரு நாள் ஆயா தோற்றாள். பூங்காவில் மஞ்சள் பூவோடு பாய் விரித்தாற்போல் படர்ந்த கொடியைக் காட்டி, "மஞ்சக் கரிசலாங்கண்ணி, தலைக்கு எண்ணெய் காய்ச்சலாம்" என்றாள். டீச்சர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்தார். "இதிலே மூணு மடல் தெரியுதா? நம்ம மஞ்சள் கரிசாலைக்கு இலை நீட்டமா, மடல் இல்லாம இருக்கும். இது அமெரிக்கக் கண்டத்திலேருந்து அழகுக்காகக் கொண்டுவந்த கொடி. பூ ஒண்ணுபோல இருக்கும், செடி வேற." ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் எங்க ஊர்ப் பக்கம் சின்ன வயசுல இதை நான் பார்த்ததில்லே" என்று சொல்லிச் சிரித்தாள்.

இந்தக் கூட்டு ஏதோ புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். 1768-ல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்த கேனிக், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் படித்தவர். அவரும், செடிகளில் ஆசை கொண்ட பாதிரிமார்களுமாகச் சேர்ந்து நம் சோழநாட்டுச் செடிகளைச் சேகரித்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பெயர் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ராட்லர் என்ற பாதிரியார் பின்னாளில் ஒரு பெரிய தமிழ்-ஆங்கில அகராதியே தொகுத்தார். செடியைத் தேடிப் போனவர் சொல்லையும் தேடியிருக்கிறார்!

சரி, நீங்களும் பார்க்க வேண்டாமா? நாலு சிநேகிதிகள் போதும். ஒரு செடியைக் கண்டால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருகிறதா? (பாலைக் கண்ணில் படவிடாதீர்கள், உடனே கை கழுவுங்கள்.) கசக்கினால் வாசனை உண்டா? பூ எங்கே, காய் எங்கே? எந்த இடத்தில் வளர்கிறது, ஈரத்திலா, காய்ந்த தரையிலா?

தெரியாத செடியை ருசி பார்க்கவே கூடாது. இது சட்டம்.

ஒற்றை இலையைக் கொண்டுபோய் "இது என்ன?" என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரும் திணறுவார். பூவும் காயுமாக ஒரு கிளையைப் பறித்து, பழைய செய்தித்தாள் நடுவே விரித்து வையுங்கள். ஒன்றிரண்டு இலையைத் திருப்பி, அடிப்பக்கமும் தெரியும்படி வைப்பது நல்லது. மேலே அம்மிக்குழவியையோ கனத்த புத்தகங்களையோ ஏற்றுங்கள். தினம் தாளை மாற்றினால் பூஞ்சக்காளான் பிடிக்காது. ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். பறித்த தேதி, இடம், பூவின் நிறம் (காய்ந்தால் மாறிவிடும்), ஊரார் சொல்லும் பெயர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஊர்க் கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல நிலையமும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியமும் இப்படி உலர்த்திய செடிகளை ஏராளமாகப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

கைபேசியில் படம் பிடித்தால் அதுவே பெயர் சொல்லிவிடுகிறதே என்பீர்கள். சொல்லும், பல சமயம் சரியாகவும் சொல்லும். ஆனால் நீங்கள் மேல்பக்கத்தை மட்டும் காட்டினால் அதற்கும் மேல்பக்கம்தான் தெரியும். கிள்ளிப் பார்க்க அதற்கு விரல் ஏது? அது சொல்வதை ஒரு யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

தாய்மார்களே, மருந்துச் செடியைத் தெரிந்துகொள்ளும் முன்னால் விஷச் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். பல்லாங்குழி ஆடும் குண்டுமணியைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. ஊமத்தங்காய், காட்டாமணக்கு விதை இரண்டும் குழந்தைகள் விளையாட்டாக வாயில் போடுகிறவை. செங்காந்தள் நம் மாநில மலர்தான், அழகுதான். ஆனால் அதன் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கென்று நினைத்துத் தின்று மாண்டவர்கள் உண்டு. குழந்தை எதையாவது தின்றுவிட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கிளையை, காயோடு, கையோடு கொண்டுபோங்கள். அதன் பெயர் தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் முதல் செடியை அட்டையில் ஒட்டினார். கீழாநெல்லிதான். விஞ்ஞானப் பெயர், இடம், தேதி எல்லாம் எழுதியாயிற்று. "பெயர் சொன்னவர்" என்ற இடத்தில் ஆயாவின் பெயரை எழுதினார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் நானா?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுப் பையனும் எங்களோடு வருகிறான். எந்தச் செடியைக் கண்டாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, முதல் காரியமாக இலையைத் திருப்பிப் பார்க்கிறான். "வாயில போடலாமா?" என்று கேட்டால், "ஆயாவும் டீச்சரும் சொல்லணும்!" என்கிறான்.

உங்கள் கொல்லைப்புறத்தில் பெயர் தெரியாத செடி எத்தனை இருக்கிறது? இன்று சாயங்காலம் ஒரு எட்டு போய் எண்ணிப் பாருங்களேன்!